மழைத் தண்ணீரில் தொடங்கிய கரண்டுக் கம்பனி

"கரண்டு தனியார் கைக்குப் போனா பில்லு கூடுமா, குறையுமா?" லயத்து வாசலிலும் திருவிழாக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கை மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டம் 2024 ஜூன் மாதம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2025இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, பிரிந்து வரும் கம்பனிகள் அரசாங்கத்துக்கே சொந்தமாக இருக்கும் என்று வகுக்கப்பட்டது. ஆகவே நாளைக்கே நம்ம வீட்டுக் கரண்டு ஏதோ ஒரு முதலாளி கைக்குப் போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் தனியார் மின்சாரக் கம்பனி என்றால் என்ன, அது எதையெல்லாம் செய்கிறது, எங்கே லாபம் பார்க்கிறது, எங்கே கையைச் சுட்டுக்கொள்கிறது, அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பவற்றைத் தெரிந்து வைத்திருந்தால், நாலு பேர் பேசும் இடத்தில் நாமும் விஷயத்தோடு பேசலாம்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து இந்தியாவில் நூறு வருடத்துக்கு மேலாக இதே தொழிலைச் செய்து வரும் டாட்டா பவர் கம்பனியை எடுத்துக்கொள்வோம். டாட்டா என்ற பெயர் நமக்குப் புதியதல்ல. லொறியிலும் பஸ்ஸிலும் பார்த்திருக்கிறோம். தேயிலைப் பைக்கற்றிலும் அதே பெயர் உண்டு. மூணாறுத் தோட்டங்கள் பல வருடம் அந்தக் குடும்பத்துக் கம்பனி கையில்தான் இருந்தன. 2005இல் அவற்றின் பெரும்பகுதி, தொழிலாளரும் பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனிக்கு மாறியது. அது தனிக் கதை. இங்கே கரண்டு விஷயத்தை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். "கரண்டு விற்பது" ஒரே தொழில் மாதிரித் தெரிந்தாலும் உண்மையில் அது பல தொழில்கள் சேர்ந்தது. நம்ம தேயிலையையே பாருங்கள். மலையில் கொழுந்து பறிக்கும் கை ஒன்று. ஸ்டோரில் வாட்டி அரைத்துத் தூளாக்கும் கை இன்னொன்று. கொழும்புக்கு ஏற்றி ஏலத்தில் விற்பவர் வேறு. பைக்கற்றில் அடைத்துக் கடையில் வைப்பவர் வேறு. ஒருவர் நட்டப்படும் வருடத்தில் இன்னொருவர் நன்றாகச் சம்பாதிக்கலாம். கரண்டும் அப்படித்தான். நீரிலோ நெருப்பிலோ வெயிலிலோ மின்சாரத்தைப் பிறப்பிப்பது ஒரு தொழில். பெரிய கோபுரங்களில் கம்பி கட்டி மாகாணம் மாகாணமாகக் கடத்துவது இரண்டாவது. ஊருக்குள் கொண்டுவந்து வீட்டு மீற்றர் பெட்டி வரைக்கும் சேர்த்து, பில் எழுதிக் காசு வாங்குவது மூன்றாவது. இவற்றோடு ஒட்டிய உபதொழில்களும் பல உண்டு.

தேயிலைக்கும் கரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தூளைச் சாக்கில் கட்டி மாதக்கணக்கில் வைக்கலாம். கரண்டை அப்படி வைக்க முடியாது. இந்த நிமிஷம் நாட்டில் எத்தனை பல்பு எரிகிறதோ, எத்தனை மெசின் ஓடுகிறதோ, அதற்குச் சரியான அளவு கரண்டு இந்த நிமிஷமே பிறந்தாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் இருட்டு. இந்தத் தொழிலில் உள்ள தலைவலிகளில் பாதி இதனால் வருவதுதான்.

மலையும் மழையும்

நூற்று இருபது வருடத்துக்கு முந்திய பம்பாய் நகரத்தில் பஞ்சாலைகள் ஏராளம். எல்லாம் நீராவியில் ஓடின. அதற்கான நிலக்கரி வங்காளத்திலிருந்தும் கப்பலிலும் வர வேண்டியிருந்தது. நகரம் முழுக்கப் புகை. ஆனால் பம்பாயிலிருந்து சற்றுத் தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அங்கே லோனாவாலா என்ற இடத்தில் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். நம்ம வட்டவளைப் பக்கத்து மழையை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்த மாதிரி. அந்தத் தண்ணீரைத் தேக்கி மலைக்குக் கீழே இறக்கினால் ஆலைகளை ஓட்டலாமே என்ற யோசனை ஜம்ஷெட்ஜி டாட்டாவுடையது. 1904இல் அவர் காலமானார். அவருடைய மகன் தொராப்ஜி டாட்டா காலத்தில் அந்த வேலை கைகூடியது. 1910இல் டாட்டா நீர்மின் கம்பனி பதிவானது. 1911இல் வால்வன் அணைக்கு அடிக்கல் வைத்தார்கள். 1915இல் மலையடிவாரத்துக் கோப்போலி மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் காசல்ரீ, லக்சபான, நோர்ட்டன் பக்கத்து ஆட்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. மேலே குளம், நடுவே மலைச்சரிவில் இரும்புக் குழாய், கீழே சுற்றும் சக்கரம். கோப்போலியில் தண்ணீர் சுமார் 500 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வந்தால் கொஞ்சத் தண்ணீருக்கும் பலம் அதிகம். அங்கே பிறந்த கரண்டை முதலில் வாங்கியவை பஞ்சாலைகள். வீடுகள் அல்ல. இதைக் கவனியுங்கள்: மின்சாரக் கம்பனி எந்த நாட்டில் தொடங்கினாலும் நிறையவும் ஒழுங்காகவும் காசு கொடுக்கும் பெரிய வாடிக்கையாளரைத்தான் முதலில் தேடும். குடிசைக்கு வெளிச்சம் கடைசியில்தான் வரும். நமது தோட்டங்களிலும் ஸ்டோரில் மெசின் ஓடி எவ்வளவு காலத்துக்குப் பிறகு லயத்தில் பல்பு எரிந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கோப்போலிக்குப் பிறகு 1922இல் பீவ்புரி, 1927இல் பீரா என்று இன்னும் இரண்டு நீர்மின் நிலையங்கள் வந்தன. மூன்றுக்கும் மூன்று தனிக் கம்பனிகள். அவை 2000ஆம் ஆண்டில் ஒன்றாக இணைந்து இன்றைய டாட்டா பவர் ஆயின. மூன்று நிலையங்களும் இன்றைக்கும் ஓடுகின்றன. மழை சும்மா வருவதால் ஒருமுறை கட்டி முடித்த நீர்மின் நிலையத்தில் கரண்டு மலிவு.

சும்மா என்று சொன்னோம். மழை சும்மாதான், நிலம் சும்மா அல்ல. பீரா நிலையத்துக்குத் தண்ணீர் கொடுக்க முள்ஷி என்ற பள்ளத்தாக்கில் அணை கட்டினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் மாவளா என்று அழைக்கப்பட்ட குடியானவர்கள். அம்பேமோகர் என்ற வாசனை அரிசி விளைகிற நல்ல வயல் பூமி. ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்கள் தண்ணீருக்குள் போகும் நிலை. ஒழுங்காகக் கேட்காமலும் சொல்லாமலும் வயலில் குழி தோண்டத் தொடங்கியபோது ஜனங்கள் எதிர்த்தார்கள். 1921இல் முள்ஷி சத்தியாக்கிரகம் தொடங்கியது. வேலைத்தளத்தில் பெண்களும் ஆண்களும் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். பாண்டுரங் மகாதேவ் பாபட் என்பவர் முன்னின்று நடத்தினார். அந்தப் போராட்டத்தில்தான் அவருக்குச் சேனாபதி என்ற பெயர் வந்தது. அணைகளை எதிர்த்து உலகில் நடந்த மிகப் பழைய மக்கள் போராட்டங்களில் இதுவும் ஒன்று என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

போராட்டம் 1924உடன் தோற்றுப்போனது. ஏன் தோற்றது என்பதுதான் நமக்கு முக்கியம். நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதவர்களில் பலருக்குக் கையில் பத்திரம் இல்லை. கடனுக்காக நிலங்கள் புனா நகரத்துப் பணக்காரர் கைக்கு எப்போதோ போயிருந்தன. கம்பனியும் அரசாங்கமும் நட்டஈட்டுத் தொகையை நீட்டியபோது பத்திரக்காரர் வாங்கிக்கொண்டார்கள். உழுதவனுக்குக் கிடைத்தது கொஞ்சம், அல்லது ஒன்றுமில்லை. வாழ்கிற இடத்துக்குச் சொந்தக்காரன் என்று எழுத்தில் இல்லாதவனுடைய நிலைமையை நமக்கு யாரும் கதையாகச் சொல்ல வேண்டியதில்லை. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியதும், தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரிவதும் நமது மலையிலேயே உள்ள காட்சி.

நெருப்பும் கப்பலும்

நகரம் பெருகியது, மழை மட்டும் போதவில்லை. 1956இல் பம்பாய்க் கடலோரத்தில் ட்ரோம்பே அனல்மின் நிலையம் வந்தது. எரிபொருளைக் கொளுத்தித் தண்ணீரை ஆவியாக்கி அந்த ஆவியால் சக்கரத்தைச் சுற்றுவதுதான் அனல்மின். நமது நுரைச்சோலையும் அதே வழிதான். 1984இல் ட்ரோம்பேயில் 500 மெகாவாட் இயந்திரம் ஒன்றைப் பூட்டினார்கள். இந்தியாவில் அந்த அளவில் அதுவே முதலாவது.

ஆனால் கம்பனி உண்மையில் கையைச் சுட்டுக்கொண்டது குஜராத் கடற்கரையில், முந்த்ரா என்ற இடத்தில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கரண்டு விலை எப்படி உண்டாகிறது என்பது இதில் நன்றாக விளங்கும்.

முந்த்ராவில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று கட்ட 2006இல் இந்திய அரசாங்கம் கேள்விப்பத்திரம் கோரியது. யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கே வேலை. டாட்டா பவர் ஒரு யுனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 2 ரூபா 26 சதம் இந்தியக் காசு என்று சொல்லி வென்றது. இருபத்தைந்து வருட ஒப்பந்தம். ஐந்து மாநிலங்கள் வாங்குவதாகக் கையெழுத்திட்டன. நம்ம பாஷையில் சொன்னால் இருபத்தைந்து வருடத்துக்கு ஒரே கொந்தரப்பு. எரிபொருள் விலை ஏறினாலும் அதை முழுசாகக் கூட்டிக் கேட்க முடியாது.

எரிக்க வேண்டிய நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். "விலை ஏறினால் என்ன செய்வது?" என்று கம்பனி யோசிக்காமல் இல்லை. 2007இலேயே இந்தோனேசியாவின் இரண்டு பெரிய நிலக்கரிச் சுரங்கக் கம்பனிகளில் முப்பது சதவீதப் பங்கை ஏறக்குறைய 110 கோடி டொலர் கொடுத்து வாங்கிப் போட்டது. கரண்டுக் கம்பனிக்குச் சுரங்கம் எதற்கு என்று கேட்பவருக்கு இதுதான் பதில். நிலக்கரி விலை ஏறினால் மின்நிலையம் நட்டப்படும், ஆனால் சுரங்கப் பங்கில் லாபம் வரும். ஒரு கை இழந்ததை மறு கை பிடித்துக்கொள்ளும். கெட்டித்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் இந்தோனேசிய அரசாங்கம் 2010இல் ஒரு சட்டம் போட்டது. இனிமேல் யாரும் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் குறைந்த விலையில் நிலக்கரி அனுப்ப முடியாது, உலகச் சந்தை விலையையொட்டியே விற்க வேண்டும். முந்த்ராவின் இயந்திரங்கள் 2012இலும் 2013இலும் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும்போதே கணக்கு நட்டத்தில் நின்றது. சுரங்க லாபம் அந்தக் குழியை முழுசாக மூடவில்லை. ஒப்பந்த விலையைக் கூட்டித் தாருங்கள் என்று கம்பனி கேட்டது. கரண்டு பாவிப்போர் சார்பில் பேசுகிறவர்கள், "குறைந்த விலை சொல்லித்தானே வேலையை எடுத்தீர்கள், இப்போது எங்கள் தலையில் ஏன் ஏற்றுகிறீர்கள்?" என்று வழக்காடினார்கள். 2017 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வெளிநாட்டுச் சட்டத்தால் விலை ஏறியது என்பது ஒப்பந்தத்தை உடைக்கக் காரணமாகாது.

நியாயமான தீர்ப்பு என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. நட்டத்தில் ஓட்டுவதைவிட நிறுத்தி வைப்பது மேல் என்று கம்பனி நினைத்தால் நிலையம் சும்மா நிற்கும், ஊரில் இருட்டு வரும். 2021இல் நிலக்கரி விலை உச்சிக்கு ஏறியபோது அப்படித்தான் நடந்தது. 2022 மே மாதம் இந்திய அரசாங்கம் மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பாவித்து, இறக்குமதி நிலக்கரியில் ஓடும் நிலையங்கள் எல்லாம் ஓடியே தீர வேண்டும் என்று கட்டளை போட்டது. அதற்கான கூடுதல் செலவுக்கு வேறு விலை நிர்ணயித்தார்கள். ஆகக் கடைசியில் அந்தச் சுமையில் ஒரு பங்கு பாவிப்பவருக்கே வந்தது. மலிவான விலையைக் கேட்டவுடன் சந்தோஷப்படும் முன், எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

முந்த்ராவில் இன்னொரு கூட்டமும் இருந்தது: கரையோர மீனவர்களும் சிறு விவசாயிகளும். நிலையத்திலிருந்து கடலுக்குள் விடப்படும் சூட்டுத் தண்ணீரால் மீன் குறைந்தது, நிலக்கரித் தூசி காய்ச்சல் களத்து மீனில் படிகிறது, கிணற்றுத் தண்ணீர் உப்பாகிறது என்று அவர்கள் முறைப்பட்டார்கள். நிலையத்துக்கு 45 கோடி டொலர் கடன் கொடுத்தது உலக வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம். அதன் மேல் அமெரிக்காவிலேயே போய் வழக்குப் போட்டார்கள். சர்வதேச நிறுவனம் ஆகையால் தன்மேல் வழக்கே போட முடியாது என்று அது வாதிட்டது. 2019 பெப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படி முழு விலக்கு எதுவும் கிடையாது, வழக்குப் போடலாம் என்று ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. புத்தா இஸ்மாயில் ஜாம் என்ற மீனவர் பெயரில் அந்த வழக்கு சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. நட்டஈடு கிடைத்ததா என்றால் இல்லை. நடந்த காரியம் அமெரிக்காவை மையமாகக் கொண்டதல்ல என்று சொல்லிப் பிறகு வந்த நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவிட்டன.

கம்பி ஒருவருடையது, கரண்டு இன்னொருவருடையது

கடத்தும் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லலாம். பூட்டான் மலைகளில் பிறக்கும் நீர்மின்சாரத்தை டெல்லிப் பக்கம் கொண்டுபோகச் சிலிகுரியிலிருந்து ஆயிரத்து நூறு கிலோமீற்றருக்கு மேல் கம்பி இழுத்தார்கள். சிலிகுரி என்றால் டார்ஜிலிங் தேயிலை மலைக்கு அடிவாரம். டாட்டா பவரும் அரசாங்கக் கம்பனி ஒன்றும் கூட்டுச் சேர்ந்து கட்டிய அந்த வழி 2006இல் முடிந்தது. இதில் லாபம் பெரிதல்ல, நட்டமும் அபூர்வம். றோட்டுப் போட்டு வாகனத்துக்கு வரி வாங்குவது போல, எவ்வளவு கரண்டு போனாலும் கம்பிக்கு வாடகை வந்துவிடும்.

மும்பாய் நகரத்தில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. நகரத்தின் பெரும்பகுதியில் வீட்டுக்கு வரும் கம்பி அதானி கம்பனியுடையது (2018 வரை ரிலையன்ஸ் வசம் இருந்தது). ஆனால் அதே கம்பியில் டாட்டா பவரின் கரண்டை வாங்கலாம். 2008இல் உச்ச நீதிமன்றம் டாட்டா பவருக்குச் சில்லறை வியாபாரம் செய்யும் உரிமை உண்டு என்று சொன்னது. 2009இலிருந்து ஜனங்கள் மாறத் தொடங்கினார்கள். வேறு கம்பனிக்கு மாறினால் மாறியவர் கம்பிக்காரருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அது பில்லிலேயே சேர்ந்து வரும். இரண்டு கடை இருந்தால் விலை குறையும் என்ற எதிர்பார்ப்பு ஓரளவுக்குத்தான் பலித்தது.

டெல்லியும் ஒடிசாவும்

வீட்டுக்கு வீடு கரண்டு கொடுத்துக் காசு வாங்குவதுதான் இந்தத் தொழிலில் மிகக் கஷ்டமான பகுதி. 2002 ஜூலையில் டெல்லி நகரத்து விநியோகத்தை மூன்றாகப் பிரித்துத் தனியாருக்குக் கொடுத்தார்கள். வடக்குப் பகுதி டாட்டா பவருக்கு வந்தது. கம்பனிக்கு 51 சதவீதம், டெல்லி அரசாங்கத்துக்கு 49. பொறுப்பெடுத்த சமயம் அங்கே இழப்பு 53 சதவீதம். அதாவது நூறு யுனிட் உள்ளே வந்தால் நாற்பத்தேழு யுனிட்டுக்குத்தான் காசு திரும்பி வந்தது. மிச்சம் எங்கே போனது? கொஞ்சம் பழைய கம்பியில் சூடாகி வீணானது. கொஞ்சம் கொக்கி போட்டு இழுத்தது. கொஞ்சம் ஓடாத மீற்றர். கொஞ்சம் பில் கட்டாதது. எல்லோரும் குடிசை ஜனங்களைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் சிறு தொழிற்சாலைக்காரரும் பங்களாக்காரரும் இழுக்கும் கரண்டு குடிசையின் ஒற்றைப் பல்பைவிடப் பல மடங்கு.

அவர்கள் செய்த வேலைகள் பெரிய மந்திரமல்ல. பழைய மீற்றரைக் கழற்றி இலெக்ட்ரோனிக் மீற்றர் போட்டார்கள். திறந்த கம்பிக்குப் பதிலாக, கொக்கி மாட்ட முடியாத உறை போட்ட கேபிளைக் கட்டினார்கள். குடிசைப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, ஒழுங்கான கனெக்‌ஷன் எடுப்பது எப்படி, பில் பார்ப்பது எப்படி, கரண்டு அடிக்காமல் இருப்பது எப்படி என்று வீடு வீடாகச் சொல்ல வைத்தார்கள். இழப்பு வருடா வருடம் இறங்கி இன்று பத்து சதவீதத்துக்கும் கீழே நிற்கிறது. இது உண்மையிலேயே பாராட்ட வேண்டிய வேலை.

அப்படியானால் பில் குறைந்ததா? இங்கேதான் சூட்சுமம். விலையைக் கம்பனி தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒன்று கணக்கைப் பார்த்து விலை குறிக்கும். நம்ம நாட்டில் பொதுப்பயன்பாடுகள் ஆணைக்குழு இருப்பது போல. டெல்லியில் பல வருடம் விலையைக் கூட்டாமல், "இந்த வருடச் செலவை அடுத்து வரும் வருடங்களில் வாங்கிக்கொள்ளலாம்" என்று கடனாக எழுதி வைத்தார்கள். கடைக்காரர் கொப்பியில் எழுதுவது போல. எழுதிய தொகை வட்டியோடு மலை போலக் குவிந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இப்படிக் குவிந்த பாக்கியைக் காலவரையறைக்குள் தீர்க்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆகவே இன்று கூடாத பில் மலிவான பில் என்று அர்த்தமல்ல.

ஒடிசா மாநிலத்துக் கதை இதற்கு எதிர்ப்பக்கம். அங்கே 1999இலேயே விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். இந்தியாவில் அதுவே முன்னோடி. ஏ.ஈ.எஸ். என்ற அமெரிக்கக் கம்பனி ஒரு பகுதியை எடுத்தது. அதே வருடம் பெரும்புயல் வந்து கம்பங்களையெல்லாம் சாய்த்தது. 2001இல் அமெரிக்கக் கம்பனி கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டது. மற்றப் பகுதிகளை வைத்திருந்த தனியார் கம்பனியின் அனுமதிப்பத்திரங்களும் 2015இல் இரத்தாயின. பிறகு 2020இலும் 2021இலும் நான்கு பகுதிகளும் டாட்டா பவர் கைக்கு வந்தன. இங்கும் 51 சதவீதம் கம்பனிக்கு, மீதி அரசாங்கத்துக்கு. ஒரே மாநிலம், அதே கம்பிகள், அதே ஜனங்கள். தனியார் என்ற ஒரு வார்த்தையால் மட்டும் நன்மையோ தீமையோ வந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? யார் வருகிறார், என்ன நிபந்தனையோடு வருகிறார், யார் கண்காணிக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டாட்டா பவர் இன்று 15,000 மெகாவாட்டுக்கு மேல் மின்பிறப்பிக்கும் வலு உள்ள கம்பனி. அதன் வாடிக்கையாளர் ஒரு கோடி இருபது லட்சத்துக்கும் கூட. இதற்குள் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: 2020 வரை இந்தக் கரண்டுக் கம்பனி இந்திய இராணுவத்துக்கு ரொக்கெட் ஏவும் வண்டிகளும் செய்து கொடுத்தது! பிறகு அந்தப் பிரிவை டாட்டா குடும்பத்தின் இன்னொரு கம்பனிக்கு மாற்றிவிட்டார்கள். டாட்டா குடும்பத்துத் தலைமைக் கம்பனியின் மூன்றில் இரண்டு பங்கு தர்ம நிதியங்களின் கையில் இருக்கிறது என்பதும் உண்மை. ஆஸ்பத்திரியும் படிப்பும் அந்தப் பணத்தில் நடக்கின்றன. ஆனால் அதற்காகக் கரண்டைத் தர்மத்துக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பில் பில்தான்.

வெயில்

சூரிய வெளிச்சத்தில் கரண்டு எடுக்கும் வேலையில் இந்தக் குடும்பம் 1989இலேயே இறங்கிவிட்டது. அப்போது பிரித்தானிய எண்ணெய்க் கம்பனியான பி.பி.யுடன் கூட்டு. 2012இல் அது முழுதாக டாட்டா பவருடையதானது. வயல்வெளி நிறையத் தகடு விரித்து மின்நிலையம் போடுவது, வீட்டுக் கூரையில் பூட்டிக் கொடுப்பது, கரண்டில் ஓடும் காருக்கு றோட்டோரத்தில் சார்ஜ் ஏற்றும் நிலையம் வைப்பது என்று இப்போது கம்பனியின் கவனமெல்லாம் இந்தப் பக்கம்தான்.

இதில் நமக்குச் சற்று நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. சூரியத் தகடும் அதன் உள்ளே இருக்கும் செல்லும் செய்யும் 4,300 மெகாவாட் கொள்ளளவுள்ள பெரிய தொழிற்சாலை, திருநெல்வேலிச் சீமையில் கங்கைகொண்டான் என்ற ஊரில் கட்டப்பட்டிருக்கிறது. 2023இல் தகடும் 2024இல் செல்லும் செய்யத் தொடங்கினார்கள். நமது பாட்டன் பூட்டன்மாரில் ஒரு பகுதியினர் பஞ்சம் பிழைக்கக் கப்பலேறி வந்தது அந்தச் சீமையிலிருந்துதான். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், பெண்கள். மழை குறைந்த அந்த மண்ணில் வெயிலையே முதலாக வைத்து ஒரு தொழில் வந்திருக்கிறது.

ஆனால் வெயில் கரண்டில் ஒரு குறை. சாயந்தரம் ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் லைட்டைப் போட்டு, டீவியைப் போட்டு, சோறு வடிக்கும் நேரத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். பகலில் மிஞ்சும் கரண்டை ராத்திரிக்கு எப்படி வைப்பது? ஒரு வழி பற்றரி. இன்னொரு வழி நமக்குப் பழக்கமான தண்ணீரே. மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம். பகலில் மிஞ்சும் கரண்டால் கீழ்க் குளத்துத் தண்ணீரைப் பம்ப் பண்ணி மேலே ஏற்றி வைக்கிறது, ராத்திரியில் திறந்து விட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஏற்றுவதற்குப் போகும் கரண்டு இறக்கும்போது கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூட; ஆனாலும் வேண்டிய நேரத்தில் கிடைக்கிறதே, அதுதான் லாபம். பீராவில் இப்படி 150 மெகாவாட் இயந்திரம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மகாராஷ்டிரா அரசாங்கத்தோடு கம்பனி புதிய ஒப்பந்தம் ஒன்று செய்தது. பீவ்புரியில் 1,000 மெகாவாட், சிரவட்டாவில் 1,800 மெகாவாட். இரண்டும் நூறு வருடத்துக்கு முன் அணை கட்டிய அதே மலைகளில்.

அந்த மலையின் பழைய வழக்கு ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. அந்த ஆறுகள் இயற்கையாகக் கிழக்கே ஓடிப் பீமா நதியில் சேர வேண்டியவை. கரண்டுக்காக அவற்றை மலையைக் குடைந்து மேற்கே, கடற்கரைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கிழக்கே உள்ள சோலாப்பூர் போன்ற வறண்ட மாவட்டங்களின் விவசாயிகள், "கரண்டு வேறு வழியிலும் வரும், தண்ணீர் வேறு வழியில் வராது, எங்கள் பங்கை எங்களுக்கே விடுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். பம்ப் பண்ணி ஏற்றி இறக்கும் புதிய நிலையங்களில் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றும், அதற்கு ஆற்றைத் திருப்ப வேண்டியதில்லை. மேற்கே இறங்கிப் போகும் பழைய தண்ணீரில் எவ்வளவு கிழக்கே போகும் என்பதைக் கம்பனியல்ல, அரசாங்கம்தான் தீர்க்க வேண்டும்.